தனிநபர் நீரூர்தி எந்திரங்களில் அரிப்புத் தடுப்பு

தனிநபர் நீரூர்தி என்பது ஓரிருவர் அல்லது மூவர் ஏறி ஓட்டும் சிறிய விசைநீர் வாகனம் ஆகும். கவசாக்கி நிறுவனத்தின் வணிகப் பெயரான ஜெட் ஸ்கை என்பதே பேச்சு வழக்கில் இதன் பொதுப்பெயராகிவிட்டது. நீர் ஸ்கூட்டர் என்று சொல்வாரும் உண்டு. படகுகளில் உள்ளதுபோல் வெளியே சுழலும் விசிறி இதற்குக் கிடையாது. அடிப்புறத் துளை வழியாக நீரை இழுத்து, இறைசக்கரத்தின் உதவியால் பின்புறம் பீய்ச்சி, அதன் எதிர்விசையால் முன்னே செல்கிறது. பல வண்டிகளில் அதே நீரின் ஒரு பகுதி எந்திரத்தைக் குளிர்விக்கவும் பயன்படுகிறது. அதாவது, கடலில் ஓட்டும்போது உப்புநீர் எந்திரத்தின் உள்ளேயே பாய்கிறது.

சீ-டூ வண்டிகளின் நான்கு வீச்சு ரோட்டாக்ஸ் எந்திரங்களில் குளிர்விப்பு நீர்மம் தனிச் சுற்றில் ஓடுகிறது. ஆனால் அவற்றிலும் புகைபோக்கிப் பகுதியைக் குளிர்விப்பது வெளிநீர்தான். எனவே உப்புக்குத் தப்பிய வண்டி என்று எதுவும் இல்லை.

அரிப்பு நிகழும் விதம்

கடல்நீரின் எடையில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்பு. எந்திரத்தின் உடல் அலுமினியக் கலவை. திருகாணிகளும் இறைசக்கரமும் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்புநீரில் நனைந்தால் அங்கே ஒரு மின்கலம் உருவாகிவிடும். அதில் கரைந்து போவது அலுமினியம். திருகாணியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூப்பது இதன் முதல் அடையாளம்.

துருப்பிடிக்காத எஃகுக்கும் பலவீனம் உண்டு. அதைக் காப்பது மேற்பரப்பிலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். அப்படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் தேவை. உப்புப் படிவின் அடியிலும் குறுகிய இடுக்குகளிலும் அது கிடைக்காததால் அங்கே சிறு குழிகள் விழுகின்றன.

வண்டி காய்ந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பலர் நினைக்கின்றனர். சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் ஈரத்தை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு அதைவிடக் குறைந்த ஈரமே போதும். கடற்கரையில் நிறுத்திய வண்டியில் பகலில் காய்ந்த உப்பு இரவில் மீண்டும் நனைகிறது, அரிப்பும் தொடர்கிறது.

துத்தநாகம் காப்பது எப்படி?

சில வண்டிகளில் தன்னையே இழந்து மற்ற உலோகத்தைக் காக்கும் நேர்மின்வாய்க் கட்டி பொருத்தப்பட்டிருக்கும். கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்க ஹம்பிரி டேவி 1824இல் முன்வைத்த முறை இது.

கூர்ந்து படிக்கும் மாணவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார், கேட்கவும் வேண்டும். திட்ட மின்முனை அழுத்த அட்டவணையில் துத்தநாகம் −0.76 வோல்ட், அலுமினியம் −1.66 வோல்ட். அப்படியானால் அலுமினியம் அல்லவா முதலில் கரைய வேண்டும்? அட்டவணை தூய உலோகப் பரப்பைக் கருதுகிறது. உண்மையில் அலுமினியத்தின் மேல் எப்போதும் ஆக்சைடு படலம் மூடியிருப்பதால் கடல்நீரில் அது துத்தநாகத்தைவிட வினைத்திறன் குறைந்ததாகவே நடந்துகொள்கிறது. ஆகவே துத்தநாகம் கரைகிறது, அலுமினியம் பிழைக்கிறது.

இக்கட்டியின் மேல் வண்ணமோ கிரீசோ பூசினால் அது வேலை செய்யாது. பாதியளவு தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். கட்டியும் காக்கப்படும் பாகமும் ஒரே நீரில் மூழ்கியிருக்கும்போது மட்டுமே பாதுகாப்பு கிடைக்கும். கரையேற்றிய வண்டியின் உட்பாகங்களை அது காப்பதில்லை.

நன்னீரால் அலசுதல்

எனவே கடலில் ஓட்டிய ஒவ்வொரு முறையும் குளிர்விப்புப் பாதையை நன்னீரால் அலசுவதே முதன்மையான பாதுகாப்பு. தோட்டக் குழாயை அதற்கென உள்ள இணைப்பில் பொருத்திச் செய்யலாம். இதில் வரிசை மிக முக்கியம். முதலில் எந்திரத்தை இயக்கி, அதன் பிறகே குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் குழாயை மூடி, பிறகு எந்திரத்தை நிறுத்த வேண்டும்.

எந்திரம் ஓடாதபோது நீர் பாய்ந்தால், அதை வெளியே தள்ளப் புகையின் அழுத்தம் இருக்காது. நீர் புகைபோக்கி வழியே பின்னேறிச் சிலிண்டருக்குள் புகும். காற்றைப்போல நீர் அழுந்தாது. அந்நிலையில் எந்திரத்தை முடுக்கினால் பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடலாம். நல்ல எண்ணத்தோடு அலசப் போய் எந்திரத்தையே இழப்பது இப்படித்தான். நீரில்லாமல் நெடுநேரம் ஓட்டுவதும் கேடு. எத்தனை நிமிடம் என்பதை அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்த்தே செய்ய வேண்டும். எந்திர அறையில் பெட்ரோல் ஆவி தேங்கியிருக்கக்கூடும் என்பதால், இயக்கும் முன் இருக்கையைத் திறந்து சற்றுநேரம் காற்றோட விடுவது நன்று.

கிரீஸ் இடுதல்

உப்பைக் கழுவிய பிறகே கிரீஸ். உப்பின் மேல் பூசினால் உப்பு உள்ளேயே அடைபட்டுக்கொள்ளும்.

சோடியம் சோப்பு கலந்த கிரீஸ் நீரோடு குழைந்து கழன்றுவிடும். கால்சியம் சல்போனேட் வகையோ, கடற்பயன்பாட்டுக்கென்று தயாரித்த லித்தியம் வகையோ ஏற்றது. கிராஃபைட் கலந்ததைத் தவிர்க்க வேண்டும். கிராஃபைட் மின்கடத்தி, உப்புநீரில் அலுமினியத்தின் அருகே அது இருந்தால் அரிப்பு கூடும்.

இறைசக்கரத்தைச் சுழற்றும் தண்டின் பல்வரிகள் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடம். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் பெரும்பாலும் விடுபட்டுப்போவதும் இதுவே. அங்கே கிரீஸ் வறண்டால் பற்கள் உராய்ந்து துருக்குழம்பாகி, ஒருநாள் எந்திரம் ஓடியும் வண்டி நகராது. திசைமாற்றிக் கம்பிவடத்தின் முனைகள், பின்னோக்கிச் செல்ல உதவும் மூடியின் கீல்கள், கிரீஸ் நிப்பிள் உள்ள தாங்கிகள் ஆகியவற்றுக்கும் இட வேண்டும். மின் இணைப்பிகளுக்கு மின்கடத்தாக் கிரீஸ் தனியே கிடைக்கிறது. மற்றதை அங்கே பூசக் கூடாது.

நெடுங்காலம் நிறுத்துதல்

மாதக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால், கையேடு சொல்லும் முறைப்படி சிலிண்டருக்குள் காப்பு எண்ணெய் தெளித்து, எந்திரத்தைச் சிறிது சுழற்றி, சுவரெங்கும் படரச் செய்வர். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் எரிபொருளையும் நிலைப்படுத்தி வைக்க வேண்டியிருக்கும். மின்கலத்தைக் கழற்றி வைத்து அவ்வப்போது மின்னேற்ற வேண்டும்.