ஒரே மாத்திரையில் இரு மருந்துகள்

கர்ப்பிணிகளுக்கு நாள்தோறும் வழங்கப்பெறும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் அடங்கியுள்ளன. இரத்த சோகைக்கு இரும்பு ஒன்றே போதாதா, மற்றது எதற்கு என்று சிலர் வினவக்கூடும். இவ்வினாவிற்குரிய விடை, நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியில் அடங்கியுள்ளது.

இரும்பின் சுழற்சி

வளர்ந்த மனிதனின் உடலில் உள்ள இரும்பு ஏறத்தாழ 3 முதல் 4 கிராமே. அதில் மூன்றில் இரு பங்கு செவ்வணுக்களிலுள்ள ஹீமோகுளோபினில் அமைந்துள்ளது. செவ்வணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாட்கள். அது சிதைந்ததும் அதன் இரும்பு வீணாவதில்லை. எலும்பு மஜ்ஜைக்குச் சென்று புதிய அணுக்கள் உண்டாவதற்குப் பயன்படுகின்றது. ஆதலின் உடல் நாள்தோறும் இழப்பது ஏறக்குறைய 1 மில்லிகிராமே. ஆயினும் கர்ப்ப காலம் முழுவதற்கும் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகின்றது. சாதாரண உணவால் மட்டும் இதனை ஈடு செய்தல் அரிது. இரும்பு குறைந்தால் செவ்வணுக்கள் சிறுத்து வெளிறிவிடும்.

பம்பாயில் நிகழ்ந்த ஆராய்ச்சி

1928இல் இங்கிலாந்திலிருந்து அன்றைய பம்பாய்க்கு வந்த லூஸி வில்ஸ் அம்மையார், ஹாப்கின் ஆராய்ச்சி நிலையத்தில் கர்ப்பிணிகளின் கடுமையான இரத்த சோகையை ஆராயத் தொடங்கினார். அந்நோயாளிகளின் செவ்வணுக்கள் சிறுத்திருக்கவில்லை. மாறாக, இயல்பினும் பெருத்திருந்தன. எனவே இது இரும்புக் குறைவால் மட்டும் விளைந்த நோயன்று என்பது புலனாயிற்று.

நோய்க் கிருமிகளே காரணமோ என்று அவர் முதலில் தேடினார்; சான்று கிட்டவில்லை. பின்னர்ப் பெண்களின் உணவை ஆராய்ந்தார். காய்கறி, பழம், புரதம் ஆகியவை குறைந்த ஏழை மக்களிடையே நோய் மிகுந்திருக்கக் கண்டார். 1929இல் சில மாதங்கள் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும் பணியாற்றினார். அத்தகைய குறையுணவை உண்ட குரங்குகளுக்கு இரத்த சோகை தோன்றியது. ஈஸ்ட் சாறு கொடுத்ததும் அது நீங்கியது. மார்மைட் என்னும் அச்சாற்றை நோயுற்ற பெண்களுக்கு அளித்தபோதும் அவர்கள் விரைவில் தேறினர். 1931இல் இம்முடிவுகள் வெளியாயின. ஈஸ்டில் இருந்த அப்பொருள் யாதென அப்பொழுது எவரும் அறியார். அதனை ‘வில்ஸ் காரணி’ என வழங்கினர்.

1941இல் கீரையிலிருந்து போலிக் அமிலம் பிரித்தெடுக்கப்பட்டது. இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அதன் பெயருக்கு மூலம். 1945இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அதனைச் செயற்கையாக ஆக்கிய குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியாகும்.

களப்பணியில் கருத வேண்டியவை

இரும்பு ஹீமோகுளோபினை ஆக்குகின்றது. போலிக் அமிலமோ அணுக்கள் பிரிந்து பெருகத் துணை புரிகின்றது. செங்கல் இருந்தும் கொத்தன் இல்லையேல் சுவர் எழாது. கொத்தன் இருந்தும் செங்கல் இல்லையேல் அதுவும் வீணே. இரண்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்திருப்பது இதன் பொருட்டே.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்த சோகை இருந்தது. மாத்திரை வழங்குவதோடு நம் கடமை முடிவதில்லை. மலம் கறுப்பதைக் கண்டு அஞ்சிப் பலர் மாத்திரையை நிறுத்திவிடுவர். அதனால் தீங்கில்லை என முன்னரே கூறிவிடுதல் நலம். மாத்திரையைத் தேநீருடன் உட்கொள்ளலாகாது. தேநீர் இரும்பு உடலிற் சேர்வதைத் தடுக்கும். எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவை அதற்குத் துணை செய்யும். கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரைக் கொட்டிவிட்டால் போலிக் அமிலத்தின் பெரும்பகுதி அழியும் என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்குக் கற்பிக்கலாம்.

ஒரு மாதம் தவறாது மாத்திரை உட்கொண்டும் ஹீமோகுளோபின் உயராவிடில், அப்பெண்ணை மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். வைட்டமின் பி12 குறைவோ, தலசீமியா என்னும் பரம்பரை நோயோ, கொக்கிப்புழுவோ காரணமாய் இருத்தல் கூடும். வெளிறிய முகங்கள் எல்லாம் ஒன்றுபோல் தோன்றினும், அவற்றின் காரணம் ஒன்றன்று. பம்பாயின் ஏழைத் தாய்மார்கள் வாயிலாக உலகம் கற்ற பாடம் இதுவே.