இரவில் இறங்கும் விமானத்துக்கு எது ஆபத்து? ஏகாம்பரநாதர் கோபுர உயரத்தை வைத்து ஒரு எளிய கணக்கு!

பரந்தூர் விமான நிலையம் பற்றிய பேச்சு 2022 ஆகஸ்ட்டிலிருந்தே காஞ்சிபுரத்தில் ஓயவில்லை. ஒரு பக்கம் நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று ஏகனாபுரம் மக்களின் போராட்டம். இன்னொரு பக்கம் 2025 ஏப்ரலில் மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதல். இதற்கு நடுவே, "ஏர்போர்ட் வந்தா நம்ம ஊர்ல மாடி கட்ட முடியாதாமே, கோபுரத்துக்குப் பிரச்னை வருமாமே?" என்ற கேள்வியும் எழுகிறது. உண்மை என்ன? பார்க்கலாம்.

விமானம் எப்படி இறங்குகிறது?

விமானம் பொதுவாக 3 டிகிரி சரிவில் இறங்கும். அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 52 மீட்டர் உயரம் குறையும். ஓடுபாதையின் தொடக்கத்தைக் கடக்கும்போது சுமார் 15 மீட்டர் உயரத்தில் இருக்கும். அப்படின்னா, ஓடுபாதைக்கு 1 கிலோமீட்டர் முன்னால் அதன் உயரம் சுமார் 67 மீட்டர்தான்.

பெரிய காஞ்சிபுரத்தில் நிற்கும் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தின் உயரம் சுமார் 59 மீட்டர். அதே உயரத்தில் ஒரு கட்டடம் ஓடுபாதைக்கு நேராக 1 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், விமானத்துக்கும் அதன் உச்சிக்கும் நடுவே 8 மீட்டர்தான் இடைவெளி!

அப்போ கோபுரத்துக்கு ஆபத்தா?

இல்லை. விதிகளின்படி, ஓடுபாதை முனைக்கு அருகில்தான் கட்டுப்பாடு மிகக் கடுமை. பெரிய விமான நிலையங்களில் அந்த முனைக்கு 60 மீட்டர் தள்ளித் தொடங்கி, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 2 மீட்டர் என்ற கணக்கில் அனுமதி உயரும். 500 மீட்டர் தூரத்தில் 9 மீட்டர்கூட தாண்டக்கூடாது. நன்கு வளர்ந்த ஒரு பனைமரமே அதைத் தாண்டிவிடும்.

ஆனால் 6 கிலோமீட்டருக்கு அப்பால் பொதுவான எல்லை 150 மீட்டர் அளவுக்கு உயர்ந்துவிடும். பரந்தூர் அதைவிட அதிக தூரத்தில் இருக்கிறது. தரை மட்டம் கிட்டத்தட்ட சமம் என்று வைத்துக்கொண்டால் 59 மீட்டர் கோபுரம் இந்த எல்லைக்கு ரொம்பக் கீழே. எவ்வளவு உயரம் என்பது மட்டும் கேள்வி அல்ல. எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

இரவில் மட்டும் ஏன் கூடுதல் பயம்?

பகலில் மரம், டவர், குன்று எல்லாம் விமானியின் கண்ணுக்குத் தெரியும். இரவில் விளக்கு இல்லாத எதுவும் தெரியாது. அதைவிட மோசம், கண்ணே ஏமாற்றும். சுற்றிலும் வயலும் ஏரியுமாக இருட்டு, நடுவில் ஓடுபாதை விளக்கு மட்டும் வெளிச்சம். இப்படிப்பட்ட இடத்தில் 'நாம் ரொம்ப உயரத்தில் இருக்கிறோம்' என்று விமானிக்குத் தோன்றும். உடனே இன்னும் கீழே இறக்குவார். 'கருந்துளை மாயை' என்று இதற்குப் பெயர். ஊருக்கு வெளியே இருக்கும் சிறிய விமான நிலையங்களில் இந்த ஆபத்து அதிகம்.

பெரிய நிலையங்களில் ஐ.எல்.எஸ். என்ற ரேடியோ கருவி சரியான சரிவைக் காட்டிக்கொடுக்கும். பல சிறிய நிலையங்களில் அது கிடையாது. அங்கே கைகொடுப்பது ஓடுபாதை ஓரத்தில் இருக்கும் 'பாப்பி' எனும் நாலு விளக்குகள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரியான பாதை. நாலும் வெள்ளை என்றால் அதிக உயரம். நாலும் சிவப்பு என்றால் ஆபத்தான தாழ்வு.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன?

2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டிய நேரம். திருச்சியிலிருந்து 136 பேருடன் துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஓடுபாதை முனையில் இருந்த ஐ.எல்.எஸ். ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துவிட்டு மேலே எழும்பியது. பிறகு மும்பைக்குத் திருப்பப்பட்டு, அடிப்பாகம் சேதமடைந்த நிலையில் பத்திரமாக இறங்கியது. இது புறப்படும்போது நடந்ததுதான். ஆனாலும் ஓடுபாதை முனையில் நிற்கும் ஒரு சுவர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் காட்டிவிட்டது.

2010 மே 22 மங்களூரு விபத்து இன்னும் கொடுமை. காலையில் தரையிறங்கிய விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடி, ஆன்டெனாவைத் தாங்கிய கான்கிரீட் அமைப்பில் இறக்கை மோதி, பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் உயிரிழந்தனர். ஓடுபாதை அருகே இருந்தே ஆகவேண்டிய கருவிகள்கூட, மோதினால் எளிதில் உடையும்படி இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

வீடு கட்டுவோர் கவனிக்க வேண்டியது என்ன?

2015-ம் ஆண்டு விதிகள்படி, விமான நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் கட்டடங்களின் உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. எந்தப் பகுதியில் எவ்வளவு உயரம் என்பதை வண்ண வரைபடமாக விமான நிலைய ஆணையம் வெளியிடும். வரைபடம் அனுமதிக்கும் உயரத்துக்குள் இருந்தால் உள்ளாட்சி அமைப்பே ஒப்புதல் தரலாம். தாண்டினால் ஆணையத்தின் தடையில்லாச் சான்று வேண்டும்.

பரந்தூர் நிலையம் வந்தால் காஞ்சிபுரம் நகரமும் இந்த வட்டத்துக்குள் வரும். அதனால் இரண்டு மாடி வீட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை. செல்போன் டவர், உயரமான அடுக்குமாடி, மலைமேல் கட்டடம் என்றால்தான் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. ஓடுபாதைக்கு ஒட்டிய கிராமங்களுக்கு மட்டும் கணக்கே வேறு. அங்கே மரத்துக்கும் அளவு உண்டு.

விதியை மீறினால்?

2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்குப் பிறகு, அதே மாதம் புதிய வரைவு விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. உயர எல்லையை மீறும் கட்டடம், மரத்தைக் குறைக்கவோ அகற்றவோ உத்தரவிடும் நடைமுறையை வேகப்படுத்துவது அதன் நோக்கம்.

கடைசியாக ஒன்று. உங்கள் தெருவில் உள்ள டவரின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிகிறதா? அதை எரிய வைப்பது டவர் உரிமையாளரின் பொறுப்பு. அணைந்து கிடந்தால் டவர் நிறுவனத்திடமோ உள்ளாட்சி அலுவலகத்திலோ ஒரு புகார் சொல்லுங்கள். இருட்டில் பறந்து வரும் விமானிக்கு அந்த டவர் அங்கே இருக்கிறது என்று சொல்வது அந்த ஒரு விளக்குதான்.