விற்பனையாளரின் உள்ளச் சோர்வு

மாதக் கடைசி. விற்பனைப் பிரதிநிதி ஒருவர் நாள் முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு வீடு திரும்புகிறார். இலக்கில் பாதிகூட எட்டவில்லை. 'இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை' என்ற எண்ணம் அவரை உறங்க விடுவதில்லை. இது அவருடைய குணக்குறையா?

நியூயார்க்கில் இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் பணியாற்றிய உளவியலறிஞர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், ஆர்வத்தோடு உழைத்தவர்களே நாளடைவில் துவண்டு போவதைக் கண்டார். எரிந்து தீர்ந்த திரியைப் போன்ற இந்நிலையைப் பற்றி 1974-இல் கட்டுரை எழுதினார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அம்மையார் இதன் மூன்று கூறுகளைப் பிரித்துக் காட்டினார். ஓய்விலும் தீராத களைப்பு, வேலையின்மீது கசப்பு, 'நம்மால் ஆகாது' என்ற எண்ணம். ஆகவே, தன்மீது எழும் ஐயம் சோர்வின் ஓர் அறிகுறியாக இருக்கலாம். அது திறமையை அளக்கும் கோல் அன்று. தொடர்ந்த பணி நெருக்கடியால் விளைவது இது என்றும், தனி நோய் அன்று என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் விளக்கியது.

விற்பனைத் தொழிலில் இந்த ஐயம் எளிதில் முளைக்கிறது. ஏன்? தையற்காரர் தாம் தைத்த சட்டையைக் கண்ணால் காண்கிறார். விற்பனையாளரின் பலனோ மழை, விலையேற்றம், போட்டிச் சரக்கு, கடைக்காரரின் கையிருப்பு ஆகிய பலவற்றையும் சார்ந்தது. உழைப்பு ஒன்றாகவே இருக்க, எண் ஏறி இறங்குகிறது. அந்த எண்ணையே மனம் தன் மதிப்பாக எடுத்துக்கொள்கிறது.

ஆயுள் காப்பீட்டு முகவர்களைப் பற்றி மார்ட்டின் செலிக்மனும் பீட்டர் ஷுல்மனும் 1986-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தோல்விக்குத் தம்மையே நிலையான காரணமாகக் கருதியவர்களைவிட, 'இன்று அமையவில்லை' என்று கருதியவர்கள் அதிகம் விற்றனர், வேலையிலும் நீடித்தனர்.

இதற்கு என்ன செய்யலாம்? நாட்குறிப்பில் இரண்டு பத்தி போடுங்கள். பார்த்த கடைகள், கொடுத்த விளக்கங்கள் போன்று நம் கையில் உள்ளவை ஒன்றில்; நம் கையில் இல்லாதவை மற்றொன்றில். முதற்பத்தியைக் கொண்டே உங்கள் உழைப்பை மதிப்பிடுங்கள். வேலை நேரம் முடிந்தபின் கணக்கையும் தொலைபேசியையும் ஒதுக்கி வையுங்கள். சக ஊழியரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். உறக்கமின்மையும் வாட்டமும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடுவதே முறை.

ஒன்றை மேலதிகாரிகளும் உணர வேண்டும். இலக்கே எட்ட முடியாததாக இருந்தால், ஊழியரின் மனத்தை மட்டும் திருத்திப் பயனில்லை. திரி கருகும்போது, விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்றுதானே முதலில் பார்க்கிறோம்?