காற்றைப் பணிகொண்டோர்

காற்றுக்கு நான்கு பெயர் என்று மாணாக்கர்க்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். கொழும்புத்துறைக் கரையில் இக்கணக்குச் செல்லாது. அங்கே ஆட்சி செய்வன இரண்டே: சோளகம், வாடை. வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை சோளகத்தின் காலம். வலை விரிப்பதும் வள்ளத்தைக் கரையேற்றுவதும் அதன் சொற்படியே.

அச்சோளகத்தைப் பிடித்து வேலைவாங்கும் காற்றாலைகளைக் காண வேண்டுமென்பது எனது நெடுநாள் ஆசை. ஆடி மாதத்தில் ஒருநாள், அயலிலுள்ள முதிய கடற்றொழிலாளர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். எனக்குத் தெரிந்தது ஏட்டுக் காற்று. அவருக்குத் தெரிந்ததே காற்று.

நாவற்குழி, சாவகச்சேரி, கொடிகாமம் கடந்து, போர்க்காலத்தில் முன்னரங்காய்க் கிடந்த முகமாலையையுந் தாண்டினால் பளை. அப்பாற் கடனீரேரிப் பக்கம் புலோப்பளை. எங்கள் ஊர்க்கரையைத் தொடுகின்ற கடனீரேரிதான்! இங்கும் வல்லிமுனையிலும் 2014ஆம் ஆண்டில் இக்காற்றாலைகள் எழுந்தன; இடத்துக்கு 10 மெகாவாட். பனையே உயரமென்று பழகிய கண் அவற்றின் முன் நாணுகிறது.

அடியில் நின்றோம். பெரியவர் முகத்தைச் சற்றே திருப்பி, “சோளகம் மேற்கே சாயுது, வாத்தியார்” என்றார். சிறிது நேரங்கழித்தே மேலேயிருந்த இயந்திரத்தலை மெல்ல மேற்கே திரும்பியது. அதற்கும் காற்றளக்கும் கருவியுண்டு. ஆயினும் அன்று முந்தியவர் பெரியவர்தான்.

“உதிலை வாற மின்சாரம் எங்களுக்கோ?” என்று கேட்டார். பொதுக்குளத்தில் வார்த்த நீரில் எனது குடம் எது, உமது குடம் எது என்று பிரிக்கவொண்ணாதது போல, இது நாட்டின் பொது மின்வலையிற் கலந்துவிடுகிறது என்றேன். “அப்ப காத்து மட்டும் எங்கடை” என்றார். விடை சொல்ல எனக்கு வாயெழவில்லை.

காற்றின் வேகம் இருமடங்கானால் ஆற்றல் எண்மடங்காகும். ஆகவே காற்று மிக்க கரையே மிகவும் விரும்பப்படுகிறது. மன்னாரில் 2020 டிசம்பரில் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாட் நிலையம் திறக்கப்பட்டது. ‘தம்பபவனி’ என்பது பெயர். (தமிழிற் பவனி உலாவாகும், வடமொழியிற் பவனன் காற்று.) 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள், தீவினுள் இனியொன்றும் வேண்டாவென வீதியில் நின்றனர். மழைநீர் வடியாது தேங்கும், மீன்பாடு குறையும், வலசைப் பறவைகள் கெடும் என்பன அவர்தம் அச்சங்கள். அவர்கள் மின்விளக்கை வெறுப்பவரல்லர். காற்றையும் நிலத்தையும் அறிந்தவரைக் கேட்டபின் தூண் நடுக என்பதில் யாது தவறு? நானும் அக்கட்சியே.

காற்றைப் பணிகொண்டு கலஞ்செலுத்தினோன் வழித்தோன்றலெனக் கரிகாலனைப் பாடினார் வெண்ணிக்குயத்தியார். புறநானூற்றில் 66ஆம் பாட்டு அது. வென்றவனைப் பாடத் தொடங்கியவர், புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரனே நின்னினும் நல்லன் என்று அவ்வேந்தன் முகத்துக்கு நேரே முடித்தார். பளையிலிருந்து மீளும் வழியெல்லாம் அப்பாட்டே என் நெஞ்சில் நின்றது.

கொழும்புத்துறையில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கடனீரேரி நுரைத்துக் கிடந்தது. பளையில் அந்நேரம் ஆலைகள் மும்முரமாய்ச் சுழன்றிருக்கும். பெரியவர் தம் வள்ளத்தின் கயிற்றை இன்னுமொருமுறை இழுத்துக் கட்டினார்.

“நாளைக்குத் தொழிலில்லை, வாத்தியார். காத்துக் கடுமை.”