பழகிய பலகாரங்களிற் போஷணை கூட்டுதல்

திருமுடிவாக்கத்தைச் சூழ்ந்த கிராமங்களில் நெல் விளைந்த நிலங்கள் பல இன்று தொழிற்பேட்டையாகவும் மனைகளாகவும் மாறிவிட்டன. ஆயினும் காலையில் இட்டலி, மத்தியானம் சோறு, பண்டிகைக்கு அதிரசம் என்னும் வீட்டு வழக்கம் மாறவில்லை, மாறவேண்டுவதும் இல்லை. அரிசியைப் பக்குவம் செய்யும் முறையே திருந்தவேண்டும்.

1920-களில் நீலகிரிக் குன்னூரில் மக்காரிஸன் என்னும் வைத்தியர் இந்தியாவின் பல பிரதேச ஆகாரங்களை எலிகளுக்குத் தனித்தனியே ஊட்டிப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் ஆகாரம் முதலிடம் பெற்றது. அரிசியே மிகுந்த சென்னை ஆகாரம் கடைசியாயிற்று. குறை நெல்லினுடையதன்று. தயாமின் என்னும் ஜீவசத்து அரிசியின் மேல்தோலிலும் முளையிலுமே மிகுதி. பச்சரிசியை வெண்மையாகத் தீட்டுங்கால் அது தவிட்டோடு மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. அக்குறைவால் விளையும் பெரிபெரி நோய் முன்னாளில் வடசர்க்கார் ஜில்லாக்களில் பலரை வருத்தியது. நெல்லை ஊறவைத்து அவித்தாலோ, சத்தில் ஒரு பகுதி நீரோடு அரிசியின் உட்புறம் சென்று படிகிறது. பின்னர்த் தீட்டினும் நஷ்டம் குறைவு. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அந்நோய் அரிதாயிருந்தது இதனாலேயே. ஆகவே நியாயவிலைக் கடைப் புழுங்கல் அரிசியை இகழ்ந்து, பளபளப்பை நாடிப் பச்சரிசிக்குப் பணம் கொடுப்பது லாபமன்று. பலமுறை கசக்கிக் கழுவுவதும், வடித்த கஞ்சியைக் கொட்டுவதும் அதே நஷ்டத்தைத் தரும். கஞ்சியை உப்பிட்டுப் பருகலாம்.

இட்டலிக்கு நாலு பங்கு அரிசியில் ஒரு பங்கை நீக்கிக் கேழ்வரகு சேர்த்து, வழக்கம்போல் உளுந்துடன் அரைத்துப் புளிக்கவைக்கலாம். நிறம் கறுப்பதால் பிள்ளைகள் முகஞ்சுளிக்கக்கூடும். பழகியபின் இரண்டு பங்காக்குக. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. மாவு புளிக்கும்போது தாதுச் சத்துக்களைக் கட்டிவைக்கும் பொருள் ஓரளவு சிதைவதால் அவை உடலில் எளிதிற் சேரும்.

அடைக்கு முருங்கைக்கீரை சேர்ப்போர் நெல்லிக்காய்த் துவையலையும் உடன் வைப்பது நன்று. அதன் புளிப்போடு சேர்ந்த ஜீவசத்து, கீரையின் இரும்பை உடலில் ஏற்றும். அவ்வேளையில் தேநீர் அருந்தினால் அது தடைப்படும்.

தின்பண்டங்களில் அதிரசத்தினும் எள்ளுருண்டையும் கடலையுருண்டையும் மேலானவை. வெல்லத்தில் இரும்பு உண்டென்று அளவின்றிச் சேர்ப்பார் உளர். வெல்லமும் பெரும்பாலும் சர்க்கரையே, உருண்டை பிடிக்கும் அளவு போதும். பூசணம் கண்ட கடலையில் விஷம் உண்டாதலால், எத்தனை மூட்டையாயினும் அதை உணவிற்கு எடுத்தலாகாது. கிராம அதிகாரிகள் கிராமசபையில் இதனை வற்புறுத்தலாம்.

சொந்த நெல்லைத் தீட்டாது உமி மட்டும் நீக்கி உண்ண விரும்பும் மிராசுதாரர், பதினைந்து நாள் தேவைக்கு மட்டும் அரைப்பாராக. தவிட்டின் எண்ணெய் விரைவில் காறல் வாடை கொள்ளும். எஞ்சியது நெல்லாகவே குதிரில் இருக்கட்டும்.