பாறையாகிப்போன கருமணல்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடமேற்கு மூலையில், நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதிக்குள் இருக்கிறது சனோஸ்டி. சுற்றிலும் வறண்ட மேட்டுநிலம்; கடல் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அங்குள்ள மணற்பாறையின் மேல்பகுதியில், துருவேறிய நிறத்தில், கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும் ஒரு படிவம் இருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கரையில் அலை ஒதுக்கிவிட்டுப் போகும் கருமணலும் இதுவும் ஒரே வகைதான். இதற்கு வயது மட்டும் சுமார் 9 கோடி ஆண்டு.

டைனோசர்கள் உலவிய கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில், ஆர்க்டிக்கிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை நீண்ட ஆழமில்லாத கடல் ஒன்று வட அமெரிக்காவை இரண்டாகப் பிரித்திருந்தது. அதன் மேற்குக் கரை பலமுறை முன்னேறியது, பின்வாங்கியது. கேலப் மணற்பாறை, பாயின்ட் லுக்கவுட் மணற்பாறை என்று புவியியலாளர்கள் பெயரிட்டிருப்பதில் பெரும்பகுதி அந்தப் பழைய கரைகளின் மணல்தான்.

சாதாரண மணலான குவார்ட்ஸ், தண்ணீரைவிட 2.65 மடங்கு அடர்த்தியானது. கருமணலிலுள்ள இல்மனைட்டும் சிர்கானும் ஏறக்குறைய 4.7 மடங்கு, மோனசைட் சுமார் 5. கரையேறும் அலை எல்லாவற்றையும் அள்ளி வருகிறது. திரும்பும் நீருக்கு அவ்வளவு வலு இல்லை. லேசானதை மட்டும் இழுத்துப் போகிறது. முறத்தில் புடைப்பதைப் போல என்று சொல்லலாம். ஆனால் அது பாதி விளக்கம்தான். கனமணல் துகள்கள் பெரும்பாலும் பொடியானவை. ஒரே வேகத்தில் வந்து படியும் குவார்ட்ஸ் துகள் அவற்றைவிடப் பெரியது. படிந்த பிறகு பெரிய துகள் நீரோட்டத்துக்குள் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். சிறியது இடுக்கில் பதுங்கிவிடும். அடுத்த அலை உருட்டிக்கொண்டு போவது பெரியதைத்தான். எடை பாதி வேலையைச் செய்தால், மறைவிடம் மீதியைச் செய்கிறது. புயல் வீசினால் இந்தப் பிரிப்பு வெகு வேகமாக நடக்கும்.

இப்படிவங்கள் கண்ணில் பட்டது யுரேனியத் தேடலில். 1950களில் அமெரிக்க அணுசக்தி ஆணையம் கதிரியக்கத்தை அளக்கும் கருவிகளோடு விமானங்களைப் பறக்கவிட்டது. மோனசைட்டில் தோரியம் உண்டு. சிர்கானிலும் கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் கலந்திருக்கும். கருவி காட்டிய இடங்களில் போய்ப் பார்த்தால், எதிர்பார்த்த யுரேனியத் தாது இல்லை. டைட்டானியத் தாதுவான இல்மனைட் செறிந்த கரும்பாறை இருந்தது. வயோமிங், யூட்டா, கொலராடோ மாநிலங்களிலும் இதே வகைப் படிவங்கள் உள்ளன.

சனோஸ்டியில் சுமார் 47 லட்சம் டன் இருக்கலாம், அதில் டைட்டானியம் டை ஆக்சைடு ஏறத்தாழ 13 விழுக்காடு என்று 1960களின் தொடக்கத்தில் கணக்கிட்டார்கள். கடற்கரை மணலில் இந்த அளவு கிடைத்தால் நல்ல சரக்கு. இருந்தும் யாரும் பெரிதாகத் தோண்டவில்லை. கடற்கரையில் துகள்கள் உதிரியாகக் கிடக்கின்றன. அள்ளி, நீரில் அலசி, காந்தத்திலும் மின்புலத்திலும் விட்டால் பிரிந்துவிடும். இங்கோ இரும்பு ஆக்சைடும் சுண்ணாம்பும் துகள்களைச் சிமெண்டுபோட்டு இறுக்கிவிட்டன. அலை இலவசமாகச் செய்து வைத்த பிரிப்பை மீட்க, முதலில் பாறையை நொறுக்கியாக வேண்டும். படிவங்களும் பழைய கரையோடு இணையாக ஓடும் ஒல்லியான பட்டைகள், பெரும்பாலானவை சிறியவை.

அந்தப் பட்டைகளின் போக்கை வைத்துக் காணாமல்போன கடலின் கரையை வரைபடத்தில் குறிக்கலாம். சிர்கானில் இருக்கும் யுரேனியமும் ஈயமும் அந்த மணல் எந்த வயதுள்ள மலையிலிருந்து அரித்து வந்தது என்று காட்டிக்கொடுக்கும். இதுவரை இந்தப் பாறையால் அதிகம் பயனடைந்தவர்கள் புவியியலாளர்களே என்பேன்.

இப்போது மோனசைட்டிலுள்ள அருமண் தனிமங்களுக்குக் கிராக்கி ஏறியிருப்பதால் பழைய கணக்குகளை மீண்டும் புரட்டுகிறார்கள். விலை கட்டுப்படியானாலும் இன்னொரு கேள்வி நிற்கிறது. கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்கள் நவஹோ நிலத்தில் 500-க்கும் மேல். அவற்றால் பட்ட பாட்டுக்குப் பிறகு 2005-இல் யுரேனியம் எடுப்பதையே தங்கள் நிலத்தில் தடைசெய்தவர்கள் நவஹோ மக்கள். கதிரியக்கமுள்ள இன்னொரு பாறையை நொறுக்க அவர்களிடம் சம்மதம் வாங்குவது, பாறையை நொறுக்குவதைவிடக் கடினமாக இருக்கும்.