வீடியோ நடுவே வெளிச்சம் ஏறி இறங்குகிறதா?

சென்ற மாதம் எங்கள் தாத்தாவிற்கு சதாபிஷேகம். வீடியோ எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. (சாப்ட்வேர் இன்ஜினியருக்கு கேமராவும் தெரியும் என்பது எங்கள் வீட்டார் நம்பிக்கை!) ஸ்மார்ட்போனை ஸ்டாண்டில் பொருத்தி, ரெகார்ட் பட்டனைத் தட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மாலையில் டிவியில் போட்டுப் பார்த்தால், வெள்ளை வேட்டியுடன் யாராவது குறுக்கே சென்ற போதெல்லாம் தாத்தாவின் முகம் இருண்டு போகிறது. அவர் விலகியதும் மெல்ல வெளிச்சம் திரும்புகிறது. பேரன் பேத்திகளை ஆசீர்வதித்து தாத்தா பேசிய ஐந்து நிமிடமும் இப்படித்தான். "போன் ரிப்பேராடா?" என்றார் அம்மா.

ரிப்பேர் இல்லை. கேமராவில் உள்ள புரோகிராம் தன் வேலையைச் சரியாகச் செய்ததுதான் காரணம். இதனை ஆட்டோ எக்ஸ்போஷர் என்பார்கள். திரையில் உள்ள காட்சியின் வெளிச்சத்தை அளந்து, அது நடுத்தர அளவில் இருக்கும்படி ஷட்டர் வேகத்தையும் ஐஎஸ்ஓ அளவையும் இது மாற்றுகிறது. வேட்டி வெள்ளையா, வெளிச்சம் அதிகமா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வெள்ளை அதிகம் வந்தால் ஒளியைக் குறைக்கும். கறுப்புக் கோட்டு வந்தால் கூட்டும். போட்டோவில் இந்தக் கணக்கு ஒரு முறையோடு முடிந்துவிடும். வீடியோவிலோ தொடர்ந்து நடக்கிறது.

இதற்குத் தீர்வு மிக எளிது. ரெகார்டிங் தொடங்கும் முன், திரையில் முகத்தின் மீது விரலை இரண்டு, மூன்று விநாடிகள் அழுத்திப் பிடிக்கவும். ஐபோனில் 'ஏஇ/ஏஎஃப் லாக்' என்று காட்டப்படும். பல ஆண்ட்ராய்ட் போன்களிலும் இதே முறைதான். சிலவற்றில் பூட்டுப் படத்தைத் தட்ட வேண்டியிருக்கும். பின்னர் அருகில் உள்ள சூரியன் படத்தை இழுத்து வெளிச்சத்தைத் திருத்திக் கொள்ளலாம். விளக்குகளை எல்லாம் போட்ட பிறகே லாக் செய்திடுங்கள். போகஸும் சேர்ந்தே பூட்டப்படுவதால், எடுக்கப்படுபவர் முன்னே நடந்து வந்தால் மங்கலாகிவிடுவார். இடையில் திரையில் வேறு இடத்தைத் தட்டினால் லாக் போய்விடும்.

லாக் செய்தும் வெளிச்சம் அலை அலையாகத் துடிக்கிறதா? அது பல்புகளின் வேலை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்புகளும் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. புரோ வீடியோ மோட் இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என அமைத்திடவும். ஜூம் செய்யும் போது சட்டென்று வெளிச்சமும் நிறமும் மாறினால், போன் ஒரு லென்ஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருக்கிறது. அண்மைக்கால ஐபோன்களில் செட்டிங்ஸ், கேமரா, ரெகார்ட் வீடியோ சென்று 'லாக் கேமரா'வை இயக்கினால் இது நிற்கும். மற்ற போன்களில் ஜூமைத் தொடாமல், நாமே நெருங்கிச் செல்வது நல்லது.

ஒன்றை முதலிலேயே சோதித்துவிடுங்கள். வீடியோவை கம்ப்யூட்டரிலோ டிவியிலோ போட்டுப் பாருங்கள். அங்கே சீராகத் தெரிந்தால் குறை வீடியோவில் இல்லை; போன் திரையின் ஆட்டோ பிரைட்னஸ்தான் ஏறி இறங்கியிருக்கிறது.

தாத்தாவின் வீடியோவை இலவச டாவின்சி ரிசால்வ் புரோகிராமில் திறந்து, இருண்ட இடங்களில் மட்டும் வெளிச்சத்தைக் கூட்டினேன். இரண்டு இரவுகள் பிடித்தன. கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருந்தாலும் முகம் திரும்பக் கிடைத்தது. ஜன்னலோரம் நின்ற பாட்டியின் பட்டுப் புடவைதான் ஒளி மிகுந்து வெறும் வெள்ளையாகிவிட்டது. அந்த ஜரிகையை எந்தப் புரோகிராமாலும் மீட்க முடியவில்லை.